காஸ்மோஸின் கடைசி 33 ஆட்டங்கள்: கோல் மன்னன் கினாலியா முதலாளி ஆனபோது என்ன நடந்தது?

1985 பிப்ரவரி 22. அமெரிக்காவின் இண்டோர் சாக்கர் லீக் சூடு பிடித்திருந்த நேரம். ஒவ்வொரு அணிக்கும் 48 ஆட்டங்கள். நியூயார்க் காஸ்மோஸ் அதில் 33 ஆடி முடித்திருந்தது. 11 வெற்றி, 22 தோல்வி. மிச்சம் இருந்த 15 ஆட்டங்களை ஆட ஆள் வரவில்லை. கேலரியில் கூட்டம் இல்லை, கல்லாவில் காசு இல்லை என்று சொல்லி, சீசன் நடுவிலேயே அணி லீக்கைவிட்டு வெளியேறிவிட்டது.

ஏதோ ஒரு சின்ன ஊர் அணி இப்படிக் கடையை மூடியிருந்தால் நாம் இன்று பேசப்போவதில்லை. இது காஸ்மோஸ். பீலே ஆடிய அணி. பெக்கன்பாவரும் கார்லோஸ் ஆல்பர்ட்டோவும் ஆடிய அணி. 1977 செப்டம்பர் 24-ம் தேதி கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானுடன் 2-2 என்று டிரா செய்தார்களே, பீலேவைப் பார்க்க ஊரே திரண்டதே, அதே அணிதான்.

இன்னொரு விஷயம். இந்த அணியை மூடும்போது அதன் முதலாளி, வெளியிலிருந்து வந்த ஒரு தொழிலதிபர் கிடையாது. காஸ்மோஸ் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர். பெயர் ஜியார்ஜியோ கினாலியா. ஆங்கில எழுத்தை அப்படியே படித்தால் சைனாக்ளியா என்று வரும். இத்தாலிக்காரர்கள் கினாலியா என்கிறார்கள். பீலேவைவிட, பெக்கன்பாவரைவிட அமெரிக்காவில் அதிகம் சாதித்தவர். ஆனால், அந்தப் பெயர்களைத் தெரிந்த பலருக்கு இவரைத் தெரியாது.

யார் இவர்? கோல் போடத் தெரிந்தவருக்கு கிளப் நடத்த ஏன் தெரியவில்லை? அதற்கு கொஞ்சம் பின்னாடி போகணும்.

இத்தாலியில் பிறந்து வேல்ஸில் வளர்ந்த பையன்

1947 ஜனவரி 24-ல் இத்தாலியின் கர்ராரா நகரில் பிறந்தார். வெள்ளைப் பளிங்குக்குப் பேர்போன ஊர். போர் முடிந்த காலம், வேலை இல்லை. அப்பா பிழைப்புக்காக பிரிட்டனின் வேல்ஸ் பகுதிக்குப் போய், கார்டிஃப் நகரத்து இரும்பாலையில் சேர்ந்தார். பையன் ஊரில் பாட்டியிடம் வளர்ந்தான். கல்ஃப் போன அப்பாவை போட்டோவில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை புதுசு இல்லை.

1955-ல் எட்டு வயதில் கினாலியா கார்டிஃப் போய்ச் சேர்ந்தார். அப்பா பிறகு ஆலை வேலையை விட்டு உணவகம் ஆரம்பித்தார். பையன் பள்ளியில் ரக்பியும் ஃபுட்பாலும் ஆடினான். ஆள் உயரம், தோள் அகலம். 1964-ல் பக்கத்து ஊரான ஸ்வான்ஸி டவுன் கிளப்பில் இடம் கிடைத்தது. இரண்டு வருஷத்தில் லீக் ஆட்டம் ஆடியது வெறும் ஐந்து. அடித்தது ஒரு கோல். 1966-ல் கிளப், உன்னால் பிரயோஜனம் இல்லை என்ற முடிவுக்கு வந்து ஃப்ரீயாகவே அனுப்பிவிட்டது. அவரை விற்றால் காசு வரும் என்றுகூட யாரும் நினைக்கவில்லை.

அப்பா விடவில்லை. மகனை இத்தாலிக்குத் திருப்பி அனுப்பினார். அங்கே ஒரு விதி குறுக்கே நின்றது: வெளிநாட்டில் புரொஃபஷனலாக ஆடிய இத்தாலியர் மூன்று வருஷம் முதல் டிவிஷனில் ஆடக் கூடாது. அதனால் மூன்றாம் டிவிஷனில் மஸ்ஸேஸே கிளப்பில் ஒரு வருஷம், நேப்பிள்ஸ் நகரின் இன்டர்நாப்போலியில் இரண்டு வருஷம். நடுவில் கட்டாய ராணுவ சேவை வேறு. 1969-ல் ரோம் நகரத்தின் லாட்சியோ கிளப் எடுத்துக்கொண்டது. வயது 22.

ஒருவரையொருவர் அடித்துக்கொண்டே சாம்பியன் ஆன அணி

லாட்சியோ அப்போது பெரிய கிளப் இல்லை. 1971-ல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. அங்கேதான் ஆட்டம் மாறியது. டொமாசோ மேஸ்ட்ரெல்லி என்ற பயிற்சியாளர் வந்தார். அமைதியான மனுஷன். கினாலியாவின் கோபத்தை அடக்கப் பார்க்காமல், அதை கோல் பக்கம் திருப்பிவிட்டார் என்று சொல்லலாம். வீட்டுக்குக் கூப்பிட்டு சாப்பாடு போட்டார். கினாலியாவுக்கு அவர் இன்னொரு அப்பா மாதிரி ஆனார். ஒரே வருஷத்தில் லாட்சியோ மேலே வந்தது. இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருக்கும்போதே கினாலியாவை இத்தாலி தேசிய அணி அழைத்தது.

அந்த லாட்சியோ அணியைப் பற்றித் தனியாக வெப் சீரிஸே எடுக்கலாம். அணிக்குள் இரண்டு கோஷ்டி. கினாலியாவும் கேப்டன் வில்சனும் ஒரு பக்கம், மர்ட்டினியும் ரெ செக்கோனியும் இன்னொரு பக்கம். தனித்தனி டிரெஸ்ஸிங் ரூம். வாரநாளில் நடக்கும் பயிற்சி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை நிஜ ஆட்டத்தைவிட முரட்டுத்தனமாக இருக்கும். பல வீரர்கள் கைத்துப்பாக்கி வைத்திருந்தார்கள்; பொழுதுபோகாவிட்டால் சுட்டுப் பழகுவார்கள். இது கட்டுக்கதை இல்லை, அந்த அணியில் இருந்தவர்களே பிற்பாடு ஒத்துக்கொண்டது. ஞாயிறு விசில் அடித்ததும் மட்டும் ஒரே அணியாகிவிடுவார்கள்.

1974 மே 12. ஃபோஜ்ஜா அணியுடன் ஆட்டம். ஜெயித்தால் பட்டம். பெனால்ட்டி கிடைத்தது. கினாலியா அடித்தார், 1-0. லாட்சியோ வரலாற்றில் முதல் லீக் சாம்பியன் பட்டம். அந்த சீசனில் 24 கோல். இத்தாலியிலேயே அவர்தான் முதலிடம்.

அதற்கு ஆறு மாதம் முன், 1973 நவம்பரில், வெம்ப்லி மைதானத்தில் இத்தாலி முதன்முறையாக இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் தோற்கடித்தது. கோல் அடித்தது கப்பெல்லோ. வலப்பக்கம் பாய்ந்து ஓடி அந்த வாய்ப்பை உருவாக்கியது கினாலியா. கேலரியில் ஆயிரக்கணக்கான இத்தாலியர்கள். லண்டன் ஓட்டல்களில் டேபிள் துடைத்துக்கொண்டிருந்தவர்கள், சமையற்கட்டில் நின்றவர்கள். கார்டிஃப் இரும்பாலைத் தொழிலாளியின் மகன், அவர்கள் கண்முன்னால் இங்கிலாந்தைச் சாய்த்தான். அந்த ராத்திரி அவர்களுக்கு என்ன அர்த்தம் கொடுத்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால், அடுத்த ஜூன் மாதமே எல்லாம் தலைகீழ். 1974 உலகக் கோப்பையில் ஹைட்டியுடன் முதல் ஆட்டம். பயிற்சியாளர் வல்கரேஜி அவரை நடுவில் வெளியே எடுத்தார். கினாலியா டி.வி. கேமரா பார்க்க கையை உதறித் திட்டிவிட்டு உள்ளே போய், டிரெஸ்ஸிங் ரூமில் பாட்டில்களை உடைத்தார். இத்தாலி முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஊர் பழி முழுக்க இவர் தலையில் விழுந்தது. போகிற மைதானமெல்லாம் ஊளையிட்டார்கள்.

இத்தாலி கசந்துபோனது. மனைவி அமெரிக்கர், நியூஜெர்சியில் வீடு வாங்கியாயிற்று. மேஸ்ட்ரெல்லிக்குப் புற்றுநோய். 1976 வசந்தத்தில், லாட்சியோ கீழ் டிவிஷனுக்கு இறங்குமோ என்று தவித்துக்கொண்டிருந்தபோது, சீசன் முடிவதற்கு முன்பே கினாலியா அமெரிக்கா கிளம்பினார். லாட்சியோ மயிரிழையில் தப்பியது. அந்த டிசம்பரில் மேஸ்ட்ரெல்லி இறந்தார்.

காஸ்மோஸ்: வார்னரின் விலை உயர்ந்த பொம்மை

அமெரிக்காவில் அப்போது சாக்கர் என்றால் யாருக்கும் அக்கறை இல்லை. நார்த் அமெரிக்கன் சாக்கர் லீக் என்று ஒன்று 1968-லிருந்து இழுத்துக்கொண்டு கிடந்தது. அதில் நியூயார்க் காஸ்மோஸின் முதலாளி வார்னர் கம்யூனிகேஷன்ஸ். சினிமா, இசைத்தட்டு, பிற்பாடு அட்டாரி வீடியோ கேம் என எல்லாம் வைத்திருந்த கம்பெனி. அதன் தலைவர் ஸ்டீவ் ராஸுக்கு காஸ்மோஸ் மேல் தீராத காதல். 1975-ல் பீலேவைக் கொண்டுவந்தார். 1976-ல் கினாலியா. 1977-ல் பெக்கன்பாவரும் கார்லோஸ் ஆல்பர்ட்டோவும்.

இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. பீலே, பெக்கன்பாவர் எல்லாம் முப்பதைத் தாண்டி, கரியரின் கடைசிக்கு வந்தவர்கள். கினாலியாவுக்கு 29 தான். ஃபுல் ஃபார்மில் வந்தார். வந்த கணக்கு இதோ: லீக் ஆட்டங்கள் 213, கோல் 193. நாக்அவுட் ஆட்டங்களையும் சேர்த்தால் 242. அந்த லீக்கில் இந்த எண்ணிக்கையை யாரும் நெருங்கவில்லை. 1978-ல் மட்டும் 34 கோல். 1980-ல் டல்ஸா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஏழு கோல்.

1977 ஆகஸ்ட் 14-ல் நியூஜெர்சியின் ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தில் காஸ்மோஸைப் பார்க்க வந்தவர்கள் 77,691 பேர். இரண்டு வாரத்தில் போர்ட்லண்டில் நடந்த இறுதிப் போட்டியில் சியாட்டிலை 2-1 என்று வென்றார்கள். வெற்றி கோலைத் தலையால் முட்டிப் போட்டது கினாலியா. அது பீலேவின் கடைசி போட்டி ஆட்டம்; அதனால் மறுநாள் பேப்பரில் பீலேதான். கினாலியாவின் வாழ்க்கையில் இது திரும்பத் திரும்ப நடந்தது. கோல் இவருடையது, போட்டோ இன்னொருத்தருடையது.

ரசிகர்களுக்கு இவரைப் பிடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. சொந்த ஊர் கூட்டமே பலமுறை ஊளையிட்டிருக்கிறது. பாஸ் கொடுக்க மாட்டார், எந்தக் கோணத்திலிருந்தும் கோலைப் பார்த்து உதைப்பார் என்பது பீலேவின் குறையும்கூட. அதைவிடப் பெரிய குறை வேறு. ஸ்டீவ் ராஸுக்கு இவர் செல்லப்பிள்ளை. பயிற்சியாளர் யார், மேனேஜர் யார், யாரை வாங்கலாம் என்பதிலெல்லாம் இவர் குரல் கேட்டது. 1977-ல் காஸ்மோஸை உருவாக்கிய மேனேஜர் கிளைவ் டாய் வெளியேறினார், பயிற்சியாளர் பிராட்லி மாற்றப்பட்டார். இரண்டிலும் கினாலியாவின் கை இருந்தது என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். ஆபீஸில் எம்.டி. கேபினுக்குள் நேராகப் போய்வரும் சக ஊழியர் ஒருவர் எல்லா இடத்திலும் இருப்பார் இல்லையா, வேலையில் புலிதான், ஆனால் அவர் உள்ளே வந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அந்த மாதிரி.

ஒன்றை மட்டும் கவனிக்கணும். இந்த அதிகாரத்துக்கு அவர் ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. செலவு முழுக்க வார்னருடையது. கிளப் நடத்துவது என்றால் என்ன என்பதை அவர் கற்றுக்கொண்ட இடம், பில் யார் கட்டுகிறார் என்று யோசிக்கவே தேவையில்லாத ஓர் இடம்.

இண்டோர் சாக்கர்னா என்ன?

இதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த பகுதி புரியாது. ஆபீஸ் முடிந்து ராத்திரி டர்ஃபில் ஃபைவ்ஸ் ஆடுபவர்களுக்கு ஓரளவு பிடிபடும். ஆனால் இது அதுவும் இல்லை, ஃபுட்சாலும் இல்லை.

ஐஸ் ஹாக்கி அரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ் மேல் செயற்கைப் புல் விரிப்பு. சுற்றிலும் இருக்கும் பலகைச் சுவர் அப்படியே இருக்கும். பந்து வெளியே போகாது. சுவரில் பட்டுத் திரும்பி வரும். கேரம் போர்டு மாதிரி சுவரையே பாஸ் கொடுக்கப் பயன்படுத்தலாம். கோல்கீப்பரோடு சேர்த்து அணிக்கு ஆறு பேர். 15 நிமிஷம் வீதம் நான்கு குவார்ட்டர். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். ஓடிக் களைத்தவர் வெளியே, புது ஆள் உள்ளே. தப்பு செய்தால் ஹாக்கி போல இரண்டு நிமிஷம் வெளியே உட்கார வேண்டும். கோல் மழை பொழியும். லைட், மியூசிக், புகை என்று வீரர்கள் அறிமுகமே ஒரு ஷோ.

அமெரிக்கர்களுக்கு சாக்கரில் பிடிக்காதது கோல் வராததுதான், இதில் அந்தப் பிரச்சினை இல்லை என்பது கணக்கு. 1978 டிசம்பரில் மேஜர் இண்டோர் சாக்கர் லீக் தொடங்கியது. குளிர்காலம் முழுக்க ஆட்டம். டிக்கெட் மலிவு, சம்பளமும் குறைவு. பல நகரங்களில் நன்றாகவே ஓடியது. வெளி மைதான லீக் இதைப் பார்த்துப் பயந்து, தானும் குளிர்காலத்தில் இண்டோர் போட்டிகளை நடத்தியது. காஸ்மோஸும் ஆடியது. மோசமாக ஆடவில்லை, 1983-84 சீசனில் இறுதிவரை வந்து சான்டியாகோ சாக்கர்ஸிடம்தான் தோற்றது.

அதனால் காஸ்மோஸுக்கு இண்டோர் ஆடவே தெரியாது, அதனால் மூடியது என்று சிலர் சொல்வது சரியாகப் படவில்லை. வேறு ஏதோ உடைந்திருந்தது.

பில் வந்து சேர்ந்த வருஷம்

உடைந்தது வார்னர். 1983-ல் அட்டாரி வீடியோ கேம் வியாபாரம் சரிந்தது. 50 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஸ்டீவ் ராஸ் தன் நாற்காலியைக் காப்பாற்றவே போராடிக்கொண்டிருந்தார். பொம்மை வைத்து விளையாட நேரம் இல்லை.

லீக்கும் படுத்திருந்தது. 1978-ல் 24 அணிகள். காஸ்மோஸைப் பார்த்து எல்லோரும் நட்சத்திரங்களை வாங்கினார்கள். காஸ்மோஸுக்கு வந்த கூட்டம் மட்டும் மற்றவர்களுக்கு வரவில்லை. ஏபிசி தொலைக்காட்சி ஒப்பந்தம் 1980-க்குப் பிறகு இல்லை. அணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று 1984-ல் ஒன்பது மட்டும் மிச்சம்.

கினாலியா 1983-ல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். வயது 36. அதே கோடையில் ஓர் ஆச்சரியம் செய்தார்: ரோமுக்குப் போய் லாட்சியோ கிளப்பையே வாங்கித் தலைவர் ஆனார். ஏழு வருஷம் முன் நட்டாற்றில் விட்டுப்போன அதே கிளப். ரசிகர்கள் மறந்து மன்னித்து விமான நிலையத்துக்கே வந்து தோளில் தூக்கினார்கள். அடுத்த வருஷம், 1984-ல், வார்னர் காஸ்மோஸைத் தள்ளிவிடத் தயாரானபோது, அதன் பெரும்பங்கும் கினாலியா தரப்புக்கு வந்தது. ஆடிய இரண்டு பெரிய கிளப்புக்கும் அவரே முதலாளி. நடுவில் ஒரு அட்லான்டிக் சமுத்திரம்.

எந்த ஃபுட்பால் வீரனும் இதைக் கனவில்கூட நினைத்திருக்க மாட்டான். கையில் பணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. ஸ்வான்ஸியில் ஐந்து ஆட்டத்தோடு அனுப்பப்பட்டவர், நல்ல சம்பளம் வாங்கியவர், ஆனால் வார்னர் கிடையாது. வருஷத்துக்குப் பல லட்சம் டாலர் நஷ்டத்தைத் தாங்கி ஓடிய வண்டியை, தனி ஆள் தள்ள முயன்றார்.

33 ஆட்டம்

1984 வெளி மைதான சீசன் முடிந்ததும் பழைய லீக்கின் நான்கு அணிகள் இண்டோர் லீக்குக்கு மாறின: சான்டியாகோ, சிகாகோ, மினசோட்டா, காஸ்மோஸ். சின்ன செலவில் குளிர்காலத்தை ஓட்டலாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு.

காஸ்மோஸின் புது மைதானம் பிரெண்டன் பர்ன் அரினா. ஜயன்ட்ஸ் ஸ்டேடியம் இருந்த அதே வளாகம்தான். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து பார்த்தால், 77,000 பேர் உட்கார்ந்த பழைய மைதானம் கண்ணுக்குத் தெரியும்.

என்ன தப்பாகப் போனது? முதலில், பெயர். காஸ்மோஸ் என்று போஸ்டர் ஒட்டினால் ஜனங்கள் பீலேவைத் தேடுவார்கள். அந்தப் பெரிய பெயர்கள் யாரும் இல்லை. முதலாளியும் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டார். வேறொரு புதுப் பெயரில் தொடங்கியிருந்தால் மன்னித்திருப்பார்கள்.

அடுத்தது, ஊர். நியூயார்க் வட்டாரத்தில் குளிர்கால ராத்திரிக்கு போட்டி அதிகம். அதே அரினாவில் நெட்ஸ் பாஸ்கெட்பால், டெவில்ஸ் ஐஸ் ஹாக்கி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிக்ஸ், ரேஞ்சர்ஸ். லாங் ஐலண்டில் நான்கு வருஷம் தொடர்ந்து கோப்பை வாங்கியிருந்த ஐலண்டர்ஸ். இண்டோர் லீக்கின் முதல் நான்கு பட்டங்களையும் வரிசையாக வென்ற நியூயார்க் ஆரோஸ் என்ற அணியே தாக்குப்பிடிக்க முடியாமல் 1984-ல் மூடியிருந்தது. பட்டமே கூட்டம் சேர்க்காத ஊரில், தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு யார் வருவார்கள்? (இதிலும் பாடம் படிக்காமல் 1986-ல் நியூயார்க் எக்ஸ்பிரஸ் என்று ஒன்று வந்தது. 26 ஆட்டத்தில் மூன்று மட்டும் ஜெயித்து, அதுவும் நடுவிலேயே நின்றது.)

மூன்றாவது, முதலாளி பாதி நேரம் ரோமில். லாட்சியோவும் அந்த சீசனில் தோல்விமேல் தோல்வி. இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் தீப்பிடித்தால் தண்ணீர் வாளியை எந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு ஓடுவது?

அதே வருஷம், அதே லீக், அதே விதி. சான்டியாகோ என்ன ஆனது தெரியுமா? பட்டம் வென்றது. அங்கே நட்சத்திரப் பெயர்களுக்குப் பதில், இண்டோருக்கென்றே பழகிய ஆட்கள். ஸ்டீவ் ஜூங்குல் என்று ஒருவர், வெளியே பெரிதாகத் தெரியாத பெயர், இண்டோரில் ராஜா. பயிற்சியாளர் ரான் நியூமன் பல வருஷமாக அதே வேலையில். காஸ்மோஸில் பயிற்சியாளர் நாற்காலி எப்போதும் சூடாகவே இருந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியதில் கினாலியாவுக்கும் பங்கு உண்டு.

பிப்ரவரியில் இண்டோர் முடிந்தது. அடுத்த சீசனுக்கான உத்தரவாதப் பணத்தைக் கட்ட முடியாததால் மார்ச்சில் வெளி மைதான லீக்கும் காஸ்மோஸை நீக்கியது. அதோடு அந்த லீக்கே நின்றுபோனது. 1985-ல் ஆடத் தயாராக இருந்தவை இரண்டே அணிகள். அமெரிக்காவில் முதல்தர வெளி மைதான சாக்கர் லீக் மறுபடி வர 1996 ஆனது.

கடைசியாக ஒரு முயற்சி. லீக் இல்லாவிட்டால் என்ன, வெளிநாட்டு அணிகளைக் கூப்பிட்டு நட்பு ஆட்டங்கள் நடத்தலாம் என்று பார்த்தார்கள். 1985 ஜூன் 16, ஜயன்ட்ஸ் ஸ்டேடியம். எதிரணி யார்? லாட்சியோ. சில வாரங்களுக்கு முன்தான் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியிருந்த லாட்சியோ. ஒரே மனிதருக்குச் சொந்தமான, மூழ்கிக்கொண்டிருந்த இரண்டு கிளப் மோதின. லாட்சியோ 2-1 என்று ஜெயித்தது. வந்த கூட்டம் பத்தாயிரத்தைக்கூட எட்டவில்லை. மீதி ஆட்டங்கள் ரத்து. பழைய காஸ்மோஸ் அதற்குப் பிறகு களமிறங்கவே இல்லை.

அப்போ காஸ்மோஸைக் கொன்றது கினாலியாவா?

இன்றும் அமெரிக்க சாக்கர் ரசிகர்கள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். பாதிதான் நியாயம். அவர் கைக்கு வரும்போதே கிளப் ஐ.சி.யூ.வில் இருந்தது. கம்பெனிகள் எல்லாம் ஒதுங்கிய நேரத்தில் சொந்தப் பணத்தோடும் பெயரோடும் உள்ளே வந்தவர் அவர் ஒருவர்தான். அதை ஆணவம் என்று சொல்லலாம். பாசம் என்றும் சொல்லலாம். இரண்டும் இருந்தது.

ஆனால், இரண்டு கிளப்பை ஒரே நேரத்தில் எடுத்தது அவர் முடிவு. அதுவும் முதல் கிளப் தடுமாறுவது தெரிந்த பிறகு இரண்டாவதை எடுத்தார். ஸ்ட்ரைக்கருக்கு இருக்கும் குணம்தான்: பத்துத் தடவை மிஸ் ஆனாலும் பதினோராவது உதைக்கு யோசிக்கவே மாட்டார். களத்தில் அதுதான் அவருக்கு 242 கோல் கொடுத்தது. பேலன்ஸ் ஷீட்டில் ஒவ்வொரு மிஸ்ஸுக்கும் பணம் கட்டணும்.

லாட்சியோவை 1986-ல் விட்டுக்கொடுத்தார். பிறகு அமெரிக்காவில் ரேடியோவில் ஃபுட்பால் பேசினார், பேச்சில் கில்லாடி. 2000-ல் அமெரிக்க தேசிய சாக்கர் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. அதே வருஷம் லாட்சியோவின் நூற்றாண்டு. கிளப் வரலாற்றின் தலைசிறந்த வீரர் என்று ரசிகர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-ல் மறுபடியும் லாட்சியோவைக் கைப்பற்றும் முயற்சி ஒன்றின் முகமாக வந்தார். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று இத்தாலிய விசாரணை அமைப்புகள் துருவின. மிரட்டல், பங்குச் சந்தை மோசடி என்ற குற்றச்சாட்டுகளில் கைது உத்தரவு பிறந்தது. அவர் அமெரிக்காவிலேயே இருந்துவிட்டார். தன்னைக் கொண்டாடிய நகரத்துக்கு அவரால் திரும்பிப்போக முடியவில்லை.

2012 ஏப்ரல் 1-ல் ஃப்ளோரிடாவின் நேப்பிள்ஸ் நகரில் மாரடைப்பால் இறந்தார். வயது 65. காஸ்மோஸ் என்ற பெயரையும் லோகோவையும் அவருடைய பழைய கூட்டாளி பெப்பே பின்ட்டன் கால் நூற்றாண்டாகப் பத்திரமாக வைத்திருந்து, சில வருஷங்களுக்கு முன்புதான் விற்றிருந்தார். அந்தப் பெயரில் புது அணி 2013-ல் களமிறங்கியது. கினாலியா அதைப் பார்க்கவில்லை.

முதலில் அமெரிக்காவில் அடக்கம் செய்யப்பட்டவரின் உடலை, சில காலம் கழித்து ரோமுக்குக் கொண்டுபோனார்கள். இப்போது இருப்பது மேஸ்ட்ரெல்லி குடும்பத்தின் கல்லறையில், அந்தப் பயிற்சியாளருக்குப் பக்கத்தில்.